சாவா மூவா ஆடுகள்

டிசம்பர் 4, புதன்

களத்துக்குப் போகும் மாணவர்கள் தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்பது எங்கள் பேராசிரியர் தமயந்தி மேடத்தின் உத்தரவு. அதில் கல்லின் நீளம், அகலம், எந்தக் காலத்து எழுத்து என்றுதான் எழுதலாம். விடுதி உப்புமாவைத் திட்ட முடியாது. அதற்காகத்தான் இந்தத் தனி நோட்டு.

என் பெயர் கோமளவல்லி. இந்தக் காலத்தில் இப்படியொரு பெயரா என்று கேட்காத ஆள் கிடையாது; எல்லோருக்கும் கோமு. எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, கல்வெட்டியல். வகுப்பில் மற்றவர்கள் கல்மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, மை ஒற்றி மைப்படி எடுத்து, காய வைத்து, மேசையில் விரித்துத்தான் வாசிப்பார்கள். நான் கல்லைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பேன். மேடமே வகுப்பில் சொன்னது, தற்பெருமை இல்லை. சரி, கொஞ்சம் தற்பெருமைதான்.

இன்று அந்த அறிவிப்பு வந்துவிட்டது. மேடத்தின் கல்வெட்டுத் திட்டத்தில் ஆய்வாளராக ஒரே ஓர் இடம். ஜனவரி கடைசியில் தேர்வு. இதுவரை பார்க்காத கல்லின் முன் நிறுத்தி வாசிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். கிடைத்தால் முனைவர் பட்டம் வரை இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஒரத்தநாட்டுக்குத் திரும்பிப் போய் பி.எட். சேர வேண்டும். அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

விண்ணப்பிப்பது நானும் என் அறைத்தோழி ரெபேக்காளும் மட்டும். அவள் நாசரேத்துப் பக்கம். நிதானமான பெண், ஒரு வரியை வாசிக்க ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்வாள். எனக்கு அவளிடம் பயம் இல்லை.

அறிவிப்பை எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். ரெபேக்காள்தான் வாசித்துச் சொன்னாள். அலுவலகத்தில் இங்க்கை மிச்சம் பிடிக்கிறார்களாக்கும்.

டிசம்பர் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். வெயில் இல்லாததால் எல்லாம் ஈரமாகவே கிடக்கிறது.

வார்டனிடம் இரண்டு புகார் கொடுத்தேன். ஒன்று, எங்கள் அறை டியூப்லைட் சரியில்லை. இரண்டு, ஜன்னல் கம்பிகள் நடுவில் வளைந்திருக்கின்றன. மத்தியானம் ஓர் ஆள் ஏணியோடு வந்தார். புது டியூப்லைட் மாட்டினார். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா வளைஞ்சிருக்கு? நூல் புடிச்ச மாதிரி நிக்கிது" என்று சிரித்துக்கொண்டே போனார். வேலைக்குச் சோம்பல்.

புது விளக்கும் மங்கல்தான். மலிவான சரக்கு.

டிசம்பர் 12, வியாழன்

தென்மணற்குடி சிவன் கோயிலுக்குப் போனோம். மழை விட்டிருந்தது. கருவறையின் தெற்குச் சுவரில் ஒரு கல்வெட்டு; சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்ததை ரெபேக்காள் பிரஷும் தண்ணீருமாகத் தேய்த்துத் துலக்கினாள். நான் பக்கவாட்டில் டார்ச் பிடித்தேன். மேடம் சொன்னார்: "கோமு, காகிதம் ஒட்றதுக்கு முன்னாடி ஒருதடவ வாசி, பாப்போம்."

முதல் வரி பெரிய எழுத்து, தடுமாற்றம் இல்லை. பிறகு விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி என்று புரிந்துவிட்டது. இந்த வகைக் கல்வெட்டு எத்தனையோ பார்த்திருக்கிறேன். கோயிலில் அணையா விளக்கு எரிய நெய் வேண்டும். நெய்க்கு ஆடுகளை இடையரிடம் விடுவார்கள். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி, கிழட்டு ஆட்டுக்குப் பதில் குட்டி என்று இடையர் மந்தையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அதனால் அவை சாகவும் சாகாது, மூப்பும் அடையாது. "இத்தேவர்க்குத் திருநொந்தா விளக்கு ஒன்றுக்கு வைத்த சாவா மூவாப் பேராடு தொண்ணூறு" என்று தொடங்கி, சந்திர சூரியர் உள்ளவரை என்று முடிகிற வரைக்கும் ஒரே மூச்சில் வாசித்தேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். கோயில் குருக்கள்கூடத் தட்டினார். மேடம் அங்கேயே எழுதிக்கொண்டார். திட்டத்தின் இதழில் என் பெயரோடு போடப் போகிறாராம். வேனில் வரும்போதும் எல்லோரும் அதையே பேசினார்கள். ரெபேக்காள் மட்டும், "என்னட்டி, கோழி மாதிரி தலையச் சாச்சு சாச்சுப் பாக்க?" என்றாள். வெளிச்சம் விழுகிற கோணத்துக்காகத் தலையைச் சாய்க்க வேண்டும், அதுகூட இவளுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

இட்லி. தலைவலி. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 19, வியாழன்

மேடத்துக்கு என்மேல் கோபம். துறை வராந்தாவில் எதிரே வந்தும் நான் வணக்கம் சொல்லவில்லையாம். "பேர் அச்சுல வரப்போகுதுன்னதும் தலைக்கனம் வந்துடுச்சா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஏதோ யோசனையில் வந்தேன் மேடம் என்றேன். உண்மையும் அதுதான். வராந்தாவில் எதிரே வருகிற முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டா நடப்பார்கள்?

இனிமேல் எதிரே யார் வந்தாலும் வணக்கம் சொல்லிவிடுவது என்று முடிவு. மாலையில் தோட்டக்காரருக்கும் தபால்காரருக்கும் சொன்னேன். தோட்டக்காரர் பதிலுக்குச் செம்பருத்திப் பூ கொடுத்தார்.

டிசம்பர் 26, வியாழன்

ரெபேக்காள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். அறை காலி. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டேன், வசதியாக இருக்கிறது.

கீழவாசல் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண்ணில் ஒன்றுமில்லை, தலைவலிக்காகத்தான். கடைக்காரர் எந்திரத்தில் தாடையை வைக்கச் சொன்னார். கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டார். "இப்ப தெளிவா இருக்கா? இப்ப?" எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது, அதைச் சொன்னேன். அவர் சில்லுகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, "பவர் எதுவும் வரலம்மா. கண்ணாடி போட்டாலும் ஒண்ணும் மாறாது. நீங்க பெரிய ஆஸ்பத்திரில ஒரு டாக்டரப் பாத்துருங்களேன்" என்றார்.

ஆக, பவர் இல்லை. கண்ணாடி வேண்டாம் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். நிம்மதியாக இருந்தது. வழியில் கரும்புச்சாறு குடித்தேன். பஸ்ஸின் பெயர்ப்பலகையை இப்போதெல்லாம் கோணல்மாணலாக எழுதுகிறார்கள். ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்திக் கண்டக்டரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

ரெபேக்காளோடு சண்டை.

தென்மணற்குடி மைப்படிகளைச் சரிபார்த்து இதழுக்குத் தயார் செய்வது அவள் வேலை. மத்தியானத்திலிருந்து அறைத் தரையில் ஒரு தாளை விரித்து வைத்துக் குப்புறப் படுத்துக் கிடந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து கேட்டாள்:

"ஏட்டி கோமு, இத நீ பாத்து வாசிச்சியா, பாக்காம வாசிச்சியா?"

"என்ன கேள்வி இது?"

"இதுல சாவா மூவாப் பேராடே இல்லயே."

சிரித்தேன். விளக்கும் தொண்ணூறு ஆடும் வந்தால் சாவா மூவாவும் வந்தே தீரும் என்றேன். அவள் விரலை வைத்து மெதுவாக வாசித்துக் காட்டினாள். வைத்த ஆடு தொண்ணூறும் பஞ்சத்தில் செத்தமையில், இவ்விளக்கு எரிக்கக் கடவோமாக ஒட்டிக் கொடுத்தோம் ஊரோம்.

"ஆடு அம்புட்டும் செத்துப் போச்சுட்டி. அதுனால ஊர்க்காரங்களே வெளக்கு எரிக்கோம்னு எழுதிக் குடுத்திருக்காவ. இப்படி ஒரு கல்லு நான் எங்கயும் பாத்ததே இல்ல. நீ எப்படி இத விட்ட?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. ஒரு இடம்தான் இருக்கிறது, அதற்காக என் வாசிப்பைக் கெடுக்கப் பார்க்கிறாய், பொறாமை பிடித்தவள் என்று கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் திருப்பிக் கத்தவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"அச்சுக்குப் போவறதுக்குள்ள நீயே மேடத்துகிட்ட சொல்லிரு. தப்பா அச்சாச்சுன்னா நாளைக்கு அதத்தான் எல்லாரும் எடுத்து எழுதுவாவ. நீ சொல்லலன்னா நான் சொல்லணும். எனக்கு அது பிடிக்கல."

ஜனவரி 7, செவ்வாய்

அவள் குளிக்கப் போனபோது மைப்படியைக் கைபேசியில் படம் பிடித்தேன். திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஓர் எழுத்து திரை முழுக்க நிற்கிற அளவுக்கு. செ. அடுத்து த். அடுத்து த. தலையைச் சாய்த்தால் நன்றாகவே தெரிகிறது. செத்தமையில்.

தேய்ந்த கல். யாராக இருந்தாலும் தவறவிட்டிருப்பார்கள்.

காலையில் சாப்பிடவில்லை.

ஜனவரி 9, வியாழன்

மேடத்திடம் சொன்னேன். அவசரத்தில் தவறிவிட்டது என்றேன். அவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். பாதி முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டார்.

"தப்பா வாசிக்கிறது வேற கோமு. ஒரு எழுத்து மாறும், ரெண்டு எழுத்து மாறும், எல்லாருக்கும் நடக்கும். நீ கல்லுல இல்லாத முழு வரியையே வாசிச்சிருக்க. உன் மனப்பாடத்த எழுதிக்கிறதுக்கா நாம வேன் எடுத்துக்கிட்டு அவ்வளவு தூரம் போனோம்?"

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. குரலைத் தணித்து, "நீ அவசரப்படுற ஆளும் இல்லயே, என்னாச்சு உனக்கு?" என்று கேட்டார். தூக்கம் சரியில்லை மேடம் என்றேன்.

இதழில் ரெபேக்காளின் வாசிப்பு போகும். தேர்வில் நன்றாகச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்.

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்கு வீட்டில். மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கச் சொன்னார்கள். வர்ணம் கொம்பைவிட நெற்றியில்தான் அதிகம். மாடு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்.

அப்பா நெல் மில்லிலிருந்து வந்து, தவிட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "என்னா பாப்பா, பரீச்ச எப்ப?"

"மாசக் கடைசிப்பா."

"கெடைச்சிடுமா?"

"கெடைச்சிடும்பா."

"கல்லப் படிச்சு என்னா பண்ணப் போறன்னு நான் கேட்டுகிட்டேதான் இருப்பேன். ஆனா மில்லுக்கு வர்றவன்கிட்டல்லாம் எம் பொண்ணு ஆயிரம் வருசத்து எழுத்த நின்ன எடத்துலயே படிப்பான்னு நான்தான் சொல்லிகிட்டுத் திரியிறேன். அதையும் தெரிஞ்சுக்க."

எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். பாராட்டினால் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? கிணற்றுச் சுவர் வளைந்து தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 21, செவ்வாய்

கல்வெட்டுத் தொகுதிகளிலிருந்து வழக்கமான தொடர்களை எல்லாம் மனப்பாடம் செய்கிறேன். விளக்குக் கொடை, நிலக் கொடை, வரிவிலக்கு, ஏரி வெட்டியது. அரசர்களின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்திகள் முழுசாகத் தெரியும். ஆரம்பத்தைப் பிடித்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும். எந்தக் கல்லாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

நூலகத்தில் உட்கார்ந்து கைபேசியை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு படிக்கிறேன். நூலகர் ஏதாவது காதல் குறுஞ்செய்தி என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும், அப்படி ஒன்றாவது இருந்தால் நன்றாக இருக்கும்.

பயமாக இருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

நாளைக்குத் தேர்வு. சண்டைக்குப் பிறகு ரெபேக்காளும் நானும் பேசுவதில்லை. சீப்பு, சோப்பு, வாளி எல்லாம் பேசாமலே பரிமாறிக்கொள்கிறோம்.

சாயங்காலம் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன். கொடியில் என் நீலச் சுடிதாரைத் தேடித் தடவிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள். சுடிதாரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ஒன் மூஞ்சிக்கு நேராத்தாம்ட்டி கெடந்துச்சு."

நான் அதை மடிக்கத் தொடங்கினேன்.

"நாளைக்கு மொதல்ல எம் பேருதான். நான் வாசிச்சுட்டு வெளிய வரும்போது கல்லுல என்ன இருக்குன்னு ஒனக்குச் சொல்லிருதேன். அப்படியே போய்ச் சொல்லிரு. யாருக்கும் தெரியாது."

"ஏன்? நீதானே தப்பா அச்சாகக் கூடாதுன்னு சட்டம் பேசுன?"

"சட்டம் பேசுனேன். இப்ப ஒன்னய இப்படிப் பாத்துட்டுச் சும்மா போவ முடியல, என்னச் செய்யச் சொல்லுத?"

இப்படி என்றால் எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜனவரி 29, புதன்

துறையின் பின்கட்டில் உடைந்த தூண்களையும் கற்களையும் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். புதிதாக வந்த ஒரு பலகைக்கல்லைச் சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். தேர்வு அங்கேதான். மேடமும், சென்னையிலிருந்து வந்த வயதான பேராசிரியர் ஒருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ரெபேக்காள் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள். பெஞ்சில் இருந்த பையை எடுக்கிற மாதிரி குனிந்து என் காதில் சொன்னாள். ஏரிக்கரை உடைந்து, அதை அடைக்க ஒருவர் நிலம் கொடுத்த செய்தி. பெயர், ஊர், நிலத்தின் எல்லை என்று வரி வரியாக இரண்டு தடவை சொன்னாள். எனக்கு ஒரு தடவையே போதும். மனப்பாடம்தான் என் தொழிலாகிவிட்டதே.

உள்ளே போனேன். பேராசிரியர் சொன்னார்: "நிதானமா வாசிங்கம்மா. தெளிவில்லாத எழுத்து வந்தா புள்ளின்னு சொல்லுங்க. அச்சுல நாம புள்ளி வைப்போமில்லயா, அது மாதிரி. ஊகிக்க வேண்டாம்."

கல்லின் முன் உட்கார்ந்தேன். ஓரங்களில் எழுத்து இருப்பது தெரிந்தது. நேரே பார்க்கிற இடத்தில் சாம்பல் பூசிய மாதிரி ஒரு வட்டம். கண்ணை நகர்த்தினால் வட்டமும் நகர்ந்தது. எங்கே பார்க்கிறேனோ அங்கே கல் இல்லை.

வாசிக்கத் தொடங்கினேன். ஸ்வஸ்திஸ்ரீ. முதல் வரி தடையில்லாமல் வந்தது. இரண்டாம் வரியும் வந்தது. விரலைக் கல்லின் மேல் உத்தேசமாக நகர்த்திக்கொண்டே சொன்னேன். பேராசிரியர் "பேஷ்" என்றார். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பினேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மேடமும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கல்லைப் பார்க்கவில்லை. நான் சொன்னால் கல்லில் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வரி வாயில் தயாராக இருந்தது. நிலத்தின் கிழக்கெல்லை. சொல்ல முடியவில்லை.

"என்னம்மா, நல்லாத்தானே போயிட்டிருந்தது?"

"சார், இதுவரைக்கும் சொன்னத அடிச்சிடுங்க. நான் பாத்துச் சொல்லல. மனப்பாடமாச் சொன்னேன்."

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தது தெரிந்தது. பேராசிரியர், "சரி, மறுபடி முதல்லேருந்து பாத்துச் சொல்லுங்க" என்றார்.

முதலெழுத்தைப் பார்த்தேன். தலையைச் சாய்த்தேன். சாய்த்த பக்கத்தில் ஒரு கோடு எட்டிப் பார்த்தது, அதைப் பிடிப்பதற்குள் கரைந்துவிட்டது.

"புள்ளி" என்றேன்.

"ம்."

"புள்ளி. புள்ளி. புள்ளி."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "எதுவரைக்கும்மா புள்ளி?"

"கடைசி வரைக்கும் சார்."

மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தோளில் கை வைத்தார். "கோமு, என்னப் பாரு. என் முகம் தெரியுதா?" என்று கேட்டார். காது தெரிந்தது, தோடு தெரிந்தது, முடி தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. அதைச் சொன்னபோது அழுதுவிட்டேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன், குரல் அப்படி இருந்தது.

அதே நாள், மாலை

இடம் ரெபேக்காளுக்கு. அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "ஏட்டி, நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துரட்டா?" என்றாள். பைத்தியமா உனக்கு, ஊர்க்காரர்களே விளக்கு எரித்த கல்லை வாசித்தவள் நீ, போய் வாசி என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பொறாமையும் பட்டேன். இரண்டும் இருந்தது.

நாளைக் காலையில் மேடம் என்னை மதுரைக்குக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார். வீட்டுக்குச் சொல்லாமல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அப்பாவைக் கூப்பிட்டேன். பின்னால் மில் ஓடிக்கொண்டிருந்தது. "கெடைச்சிடுச்சா பாப்பா?" என்று கத்தினார்.

"இல்லப்பா. அப்பா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலப்பா."

கேட்கவில்லை போல. இரு என்றார். யாரிடமோ சொல்லி மில்லை நிறுத்தினார். சத்தம் அடங்கியது. இன்னொரு தடவை சொன்னேன். சத்தமில்லாத இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அப்பா மெதுவாக, "எப்பலேருந்து பாப்பா?" என்றார்.

ஒரு மாதமாக என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போன வருசம் சித்திரைலேருந்துப்பா" என்றேன்.